காட்டிக்கொடுக்கும் மரபணுக்களும் அழற்சியின் சமிக்ஞையும்

அவையோருக்கு வணக்கம்.

தொற்றுக்கும் காயத்துக்கும் உடல் காட்டும் எதிர்வினையான அழற்சி, புற்றுநோயை வளர்க்குமா, அழிக்குமா என்று கேட்காத மாணவர் இல்லை. இரண்டுக்கும் சான்று உண்டு என்று பதில் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வருவதில்லை. எந்தச் சமிக்ஞை, எவ்வளவு காலம், அதைக் கேட்கும் செல்லில் எந்த மரபணுக்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

உடலில் உட்கருவுள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாமே தம் புரதங்களை வெட்டி, பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துணுக்குகளாக வெளிப்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. ஏந்தும் மூலக்கூறுக்கு எம்எச்சி முதல் வகை என்று பெயர். மனிதரிடம் அதன் மரபணுக்களை எச்எல்ஏ என்கிறோம். அவை 6ஆம் குரோமோசோமில் உள்ளன. நோயுற்ற செல்களைத் தேடித் தாக்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் துணுக்கைத் தனியே அடையாளம் காண்பதில்லை, தம் உடலுக்குரிய எம்எச்சியோடு சேர்த்தே காண்கின்றன. இதை 1974இல் காட்டிய டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும் 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

புற்று செல்லுக்கு இந்த மரபணுக்கள்தாம் ஆபத்து. உள்ளே பிறழ்ந்த புரதம் இருப்பதை வெளியே காட்டிக்கொடுப்பவை அவையே. அதனால்தான் பல கட்டிகளில் அவற்றின் வெளிப்பாடு தாழ்ந்து கிடக்கிறது.

இந்த நிலையில் ஒரு டி செல் எப்படியோ இலக்கைக் கண்டுகொள்கிறது என்று வையுங்கள். அது இன்டர்பெரான் காமா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் புற்று செல்லின் ஏற்பியில் ஒட்டியதும், உள்புறத்தில் காத்திருக்கும் ஜேக் 1, ஜேக் 2 என்ற நொதிகள் விழித்துக்கொள்கின்றன. ஸ்டாட் 1 புரதத்தின் மீது பாஸ்பேட் ஏறுகிறது; இரண்டிரண்டாக இணைந்து அது உட்கருவுக்குள் நுழைகிறது. அங்கே ஐஆர்எஃப் 1, என்எல்ஆர்சி 5 ஆகிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அவற்றின் புரதங்கள் எச்எல்ஏ மரபணுக்களையும், எச்எல்ஏ பரப்பில் நிற்கத் துணைபுரியும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினையும், துணுக்குகளைக் கடத்தும் டாப் புரதங்களையும் சேர்த்தே உயர்த்துகின்றன. துணுக்கு வெட்டும் கருவியான புரோட்டியசோமின் உறுப்புகள்கூட மாற்றப்படுகின்றன! கத்தி மாறினால் வெட்டும் மாறும். முன்பு வெளிவராத துணுக்குகள் பரப்புக்கு வருகின்றன. பல ஆண்டுகள் படித்த பிறகும் இந்த ஒழுங்கு என்னை வியக்க வைக்கிறது. டிஎன்எஃப் என்ற மற்றோர் அழற்சிப் புரதம் என்எஃப்-கப்பா-பி என்ற வேறொரு சமிக்ஞைப் பாதை வழியாக வந்து சேரும்போது விளைவு இன்னும் வலுக்கிறது.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதே ஐஆர்எஃப் 1 பிடி-எல்1 மரபணுவையும் இயக்குகிறது. டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற ஏற்பியில் ஒட்டி அதன் வேகத்தை அடக்கும் தடுப்பு அது. எச்எல்ஏ-ஈ என்ற மூலக்கூறும் உயர்ந்து, டி செல்களையும், இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளை அணுக்களையும் கட்டுப்படுத்துகிறது. செல்லைக் காட்டிக்கொடுத்த கட்டளையே அதற்குக் கவசத்தையும் தருகிறது. இயல்பான திசுவில் இந்தத் தடுப்பு தேவையானது; இல்லாவிட்டால் ஒரு சிறு தொற்றே உறுப்பைச் சிதைத்துவிடும். கட்டி அந்தப் பாதுகாப்பை இரவல் வாங்கிக்கொள்கிறது. பிடி-1 தடுப்பு மருந்துகள் உடைப்பது இந்தக் கவசத்தைத்தான்.

காலமும் கணக்கில் வருகிறது. குறுகிய நேரச் சமிக்ஞை தாக்குதலுக்கு உதவுகிறது. நீண்ட நாள் தொடரும் சமிக்ஞை, எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, ஸ்டாட் 1 வழியாகக் குரோமாட்டின் அமைப்பையே, அதாவது டிஎன்ஏ சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் விதத்தையே மாற்றி, செல்லைச் சிகிச்சைக்கு மசியாததாக ஆக்கிவிடுகிறது.

நோயாளிகளை எண்ணி நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். எச்எல்ஏ தாழ்ந்திருக்கும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் மரபணு முழுதாக இருக்கிறது. டிஎன்ஏ மேல் ஏறும் மெத்தில் குறிகளோ, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களோ அதை மூடி வைத்திருக்கின்றன. இன்டர்பெரானோ அந்தக் குறிகளை நீக்கும் மருந்தோ அதைத் திறக்கக்கூடும். வேறு சிலவற்றில் கம்பியே அறுந்திருக்கிறது. பிடி-1 தடுப்பு மருந்துக்கு நன்றாக இணங்கி, பின்னர் நோய் திரும்பிய 4 மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளின் கட்டிகளைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒருவரிடம் ஜேக் 1, ஒருவரிடம் ஜேக் 2, மற்றொருவரிடம் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் செயலிழந்திருந்தது. ஜேக் பழுதான செல்லின் மேல் எவ்வளவு இன்டர்பெரான் காமாவைப் பொழிந்தாலும் அதற்குக் கேட்காது. பீட்டா-2 இழந்த செல்லுக்குக் கேட்கும். ஆனால் எச்எல்ஏ பரப்பில் நிற்காது.

அப்படி எம்எச்சியை முற்றாக இழந்த செல்களை இயற்கைக் கொல்லி செல்கள் தாக்கும் என்று 1986இல் கேரேயும் அவர் குழுவினரும் காட்டினார்கள். ஆகவே கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, இன்டர்பெரான் காமாவைக் கொடுத்து, எச்எல்ஏ உயர்கிறதா என்று பார்ப்பது எனக்கு மிக முக்கியமான சோதனையாகப் படுகிறது. உயர்ந்தால் டி செல்களை நம்பலாம். உயராவிட்டால் இயற்கைக் கொல்லி செல்களின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.