போனில் 5ஜி காட்டுகிறது, வீடியோ ஓடவில்லை: சாட்டிலைட் வரும்வரை காத்திருக்கலாமா?

சரி, அடுத்த கேள்வி அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. கொஞ்சம் நீளம், நான் சுருக்கி வாசிக்கிறேன். "அண்ணா, எங்க ஊர்ல போன்ல 5ஜின்னு காட்டுது, கோடும் முழுசா இருக்கு, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. எங்க அக்கா பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்குறாங்க. மீட்டிங் வந்தா மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருக்கு. கேபிள்காரர் ஃபைபர் தர்றேன்னு சொல்றார். ஆனா ஸ்டார்லிங்க் வருதாமே, வானத்திலிருந்தே நெட் வருதுன்னா எதுக்குக் கம்பி? அதுவரைக்கும் பொறுத்துக்கலாமா?"

இதே கேள்வியைப் பென்னாகரத்திலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பதில் முதலில்: காத்திருக்க வேண்டாம். ஃபைபர், அதாவது ஒளியில் நெட் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கம்பி, உங்கள் தெருக் கம்பம் வரை வந்திருந்தால் அதையே வாங்குங்கள். ஏன் என்பதுதான் பெரிய கதை.

முதலில் அந்த 5ஜி எழுத்து. இந்தியாவில் 5ஜி தொடங்கியது 2022 அக்டோபர் 1. பல இடங்களில் அது தனியாக நிற்பதில்லை, 4ஜியின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் போன் 4ஜி டவரைத்தான் பிடித்திருக்கும். அந்த டவர், "என்னிடம் 5ஜியும் சேர்க்க வசதி உண்டு" என்று ஒரு குறிப்பை அனுப்பும். அதைப் பார்த்தே பல போன்கள் மேலே 5ஜி என்று போட்டுவிடும். அந்த நிமிடம் நீங்கள் 5ஜியில் இருக்கிறீர்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. அந்தக் கோடுகளும் அப்படித்தான். டவரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைத்தான் அவை சொல்லும். டவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. கடையின் விளக்கு தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது, உள்ளே சரக்கு இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

சரக்கு எங்கிருந்து வருகிறது? இதற்கு ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை வெளிச்சத்தில் உங்கள் ஊர் டவரை நிமிர்ந்து பாருங்கள். நெட்டுக்குத்தாக நீளமாகத் தொங்கும் பெட்டிகள் இருக்கும். அவை நம் போன்களோடு பேசுபவை. அவற்றுக்கு இடையில் முரசு மாதிரி வட்டமாக, வெள்ளையாக ஒன்று, எங்கோ தூரத்து மலையைப் பார்த்தபடி திரும்பியிருக்கிறதா? அது மைக்ரோவேவ் ஆன்டெனா. பல மலையோர டவர்களுக்கு ஃபைபர் போயிருக்காது. பக்கத்து டவரிலிருந்து காற்று வழியாக இந்த முரசுதான் நெட்டை வாங்கித் தரும். டவருக்குக் கீழே வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரு முரசு வாங்கித் தருவதைத்தான் பங்கிட முடியும்.

ஓசூரிலிருந்து நாலுவழிச் சாலையில் எவ்வளவு வேகமாக வந்தாலும் தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால்தானே ஊர்ந்து போகிறோம்? உங்கள் போனுக்கும் டவருக்கும் நடுவில் இருப்பது நாலுவழிச் சாலை. டவருக்குப் பின்னால் இருப்பது தொப்பூர். காலை ஆறு மணிக்கு வீடியோ ஓடுகிறது, இரவு எட்டு மணிக்குச் சுற்றுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், நெரிசல்தான். முரசு இருந்தாலே ஃபைபர் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஃபைபர் வந்த டவரிலும் அடுத்த ஊருக்கு அனுப்புவதற்காக முரசு வைத்திருப்பார்கள். டவரடியில் பராமரிப்புக்கு வருகிறவரிடம் "ஃபைபர் சைட்டா, மைக்ரோவேவ் சைட்டா?" என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. 5ஜியில் அதிகம் புழங்கும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்தான். சுவர், புளியமரம், ஈரமான இலை எல்லாமே அதற்குத் தடை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். ஆனால் அகலம் குறைவு, அதாவது ஒரே நேரத்தில் கொஞ்சம் தகவல்தான் போகும். ஜியோவை எடுத்துக்கொண்டால் 3.3-இல் 100 மெகாஹெர்ட்ஸ் வைத்திருக்கிறது, 700-இல் 10 மட்டும். தூரம் போவது ஒற்றையடிப் பாதை, அகலமானது ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மலையும் பள்ளமுமாகக் கிடக்கும் நம் பக்கத்துக்கு இதுதான் தலைவலி.

"அப்போ ஏர்ஃபைபர் வாங்கலாமா?" என்று கேட்பீர்கள். பெயரில்தான் ஃபைபர், வருவது அதே டவரின் 5ஜிதான். மொட்டைமாடியில் நல்ல ஆன்டெனா மாட்டுவதால், வீட்டுக்குள் கையில் பிடித்திருக்கும் போனைவிட நன்றாகவே பிடிக்கும். அக்காவாவது மாடிக்கு ஓடாமல் இருக்கலாம். ஆனால் டவருக்குப் பின்னால் தொப்பூர் என்றால் ஏர்ஃபைபருக்கும் தொப்பூர்தான்.

இப்போது வானத்துக்கு வருவோம். சாட்டிலைட் நெட் புதிது இல்லை. பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். அக்கா "ஹலோ" என்றால் அது மேலே போய், கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய், கீழே வர வேண்டும். ஏறத்தாழ 1,43,000 கிலோமீட்டர். ஒளியே நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அப்படிப் பார்த்தால் அரை நொடி அதிலேயே போய்விடும். மீட்டிங்கில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் "நீங்க சொல்லுங்க" என்பார்கள். எந்தப் பணம் கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. உயரத்தைக் குறைத்தால்தான் உண்டு.

ஸ்டார்லிங்க் அதைத்தான் செய்தது. 550 கிலோமீட்டர் அளவிலேயே ஓடவிட்டார்கள். நான்கு பயணம் சேர்ந்தும் 2,200 கிலோமீட்டர், ஒளிக்கு ஏழு எட்டு மில்லி செகண்டு வேலை. மற்ற வழிச்செலவெல்லாம் சேர்த்து நடைமுறையில் 25 முதல் 60 மில்லி செகண்டு வரை வரும். மீட்டிங்குக்குத் தாராளம். ஆனால் தாழ்வாக ஓடுகிற சாட்டிலைட் ஓரிடத்தில் நிற்காது. மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலைக்கு மேல் கடந்துவிடும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் விட வேண்டியிருக்கிறது. மாடியில் வைக்கும் தட்டு அசையாது. உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான சின்ன ஆன்டெனாக்கள் அலையை மட்டும் திருப்பித் திருப்பி, ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்த பொறியியல் இதுதான்.

ஒன்வெப் என்ற இன்னொரு சாட்டிலைட் நெட் கொஞ்சம் மேலே, 1,200 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதன் 72 சாட்டிலைட்களை நம் இஸ்ரோதான் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் 36, 36 ஆக ஏற்றிவிட்டது. சந்திரயான் 3 போன அதே எல்.வி.எம். 3 ராக்கெட்.

ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுத்தது. உரிமம் கிடைப்பது வேறு, உங்கள் மாடிக்குத் தட்டு வருவது வேறு. அலைவரிசை ஒதுக்க வேண்டும், தரைநிலையம் கட்ட வேண்டும், பாதுகாப்புச் சோதனை முடிய வேண்டும். அந்தத் தரைநிலையம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். "எதுக்குக் கம்பி?" என்று கேட்டீர்களே தம்பி, உங்கள் மாடியிலிருந்து மேலே போகும் தகவல், இந்தியாவுக்குள் இருக்கும் ஒரு தரைநிலையத்தில்தான் இறங்கியாக வேண்டும். இறங்கிய பிறகு அங்கிருந்து பெங்களூருக்கு எதில் போகும்? ஃபைபரில்தான். டவர் நெட்டும் அப்படித்தான், சாட்டிலைட் நெட்டும் அப்படித்தான். கம்பி எந்த இடத்தில் முடிகிறது, காற்று எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கம்பி உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து முடிகிறதோ அவ்வளவு நல்லது.

நம் ஊர் நிலைமையில் தட்டுக்கு இன்னும் இரண்டு சங்கடம். ஒன்று, அதற்கு அகலமான திறந்த வானம் வேண்டும். மலையை ஒட்டிய வீடு, சுற்றிலும் தென்னை, மாந்தோப்பு என்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி வரும். இரண்டாவது, கரண்ட். வழக்கமான தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும், இரவு பகலாக. ஃபைபர் பெட்டி 10, 15 வாட்டோடு முடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் கைக்கு அடக்கமான ஒரு மினி யு.பி.எஸ். அதைச் சில மணி நேரம் ஓட்டிவிடும்.

அதற்காகச் சாட்டிலைட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பமே போகாத மலைக் கிராமம், காட்டுக்குள் இருக்கும் பள்ளிக்கூடம், வனத்துறை முகாம், இங்கெல்லாம் அதுதான் வழி. மண் சரிந்து கம்பம் சாய்ந்தாலும் வேலை செய்யும். உங்கள் வீட்டுக்கு அது முதல் வழி இல்லை, அவ்வளவுதான்.

இடையில் ஒன்று. போனுக்கே நேராகச் சாட்டிலைட் வருமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். வரும். ஆனால் நம் போனின் பலம் கால் வாட்கூட இல்லை. அந்த முணுமுணுப்பை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து கேட்கக் காது ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டும். 2025 டிசம்பரில் இஸ்ரோ ஏற்றிவிட்ட புளூபேர்ட் சாட்டிலைட்டின் ஆன்டெனா 223 சதுர மீட்டர். அதாவது 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு! நம் பக்கத்துக் கணக்கில் ஐந்தரை சென்ட் மனையை வானத்தில் விரித்து வைத்திருக்கிறார்கள். அஞ்செட்டி, உரிகம் காட்டுச் சாலையில் வண்டி நின்றுபோனால் ஒரு செய்தி அனுப்ப அது பெரிய உதவி. அக்காவின் மீட்டிங் வேறு கதை. 6ஜி பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அதற்கு உலக அளவில் வைத்திருக்கும் பெயரே ஐ.எம்.டி. 2030. வருடம் பெயரிலேயே இருக்கிறது.

சரி, ஃபைபர். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகத்தான் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் கம்பி இழுத்தது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி வந்திருக்கிறதா, அதில் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். பெட்டி இருப்பதும் விளக்கு எரிவதும் தனித்தனி விஷயம். ஃபைபரில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். உங்கள் தகவல் சென்னை சுற்றி பெங்களூரு போய்த் திரும்பினாலும் ஒளிக்கு ஏழெட்டு மில்லி செகண்டுக்கு மேல் ஆகாது. முக்கியமாக, அக்காவின் முகம் அந்தப் பக்கம் தெரிய அப்லோடு வேண்டும். 5ஜி டவர் தன் நேரத்தின் பெரும்பங்கை டவுன்லோடுக்கே கொடுத்துவிடும். ஃபைபரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நிற ஒளி, ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதில்லை.

ஃபைபரும் கோளாறே இல்லாத சாமி இல்லை. அணில் கடிக்கும், மாங்காய் லோடு ஏற்றிப் போகிற லாரி தாழ்வாகத் தொங்குவதை இழுத்துக்கொண்டு போகும். போன வருடம் ராயக்கோட்டையில் ஒரு வீடு. பெட்டியில், ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்.ஓ.எஸ். சிவப்பு விளக்கு, விட்டு விட்டு எரிகிறது. மூன்று முறை பெட்டியை மாற்றிவிட்டார்களாம். வயரில் எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் பவர் மீட்டரை நான் போட்டேன், மைனஸ் 31. மைனஸ் 27-க்குக் கீழே போனாலே பெட்டி தடுமாறும். கம்பத்துப் பெட்டியில் போய் அளந்தேன், மைனஸ் 21. கம்பத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து டெசிபல் போய்விட்டது, அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வருகிறது. வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தால், ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கி மடிந்திருந்தது. தினமும் சாயங்காலம் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்துவார்கள், நெட் போகும். காலையில் திறப்பார்கள், வரும். செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டு வேறு வழியாக வயரை எடுத்தேன். வீட்டுக்காரம்மா சுவரைப் பார்த்து முறைத்தார், ஆனால் நெட் அதற்குப் பிறகு விடாமல் வந்தது.

அதனால் தம்பி, கேபிள்காரர் கனெக்‌ஷன் கொடுக்க வரும்போது கூடவே நில்லுங்கள். "பவர் எவ்வளவு வருது அண்ணா?" என்று கேட்டு, மீட்டரில் தெரியும் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 18 முதல் 24 வரை இருந்தால் நல்லது. வயரைக் கூர்மையாக மடிக்க விடாதீர்கள். நெட் கெட்டால் அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கோளாறு வீட்டு வயரிலா, வேறு எங்காவதா என்று பாதி தெரிந்துவிடும். போன் 5ஜியை விட்டுவிட வேண்டாம், ஃபைபர் அறுந்த நாளைக்கு ஹாட்ஸ்பாட் போட உதவும்.

உங்கள் கேபிள்காரர் சொல்கிற கம்பம் வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், டவரின் ஒரு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். முரசு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.