ஒரு ராக் கிட்டார்காரனின் கிறுக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ யாராவது என்னை முதல்முறை பார்த்தால், "தம்பி என்ன வேலை பாக்கிய?" என்று கேட்பார்கள். கிட்டார் வாசிக்கிறேன் என்பேன். "அது சரி, வேலை என்ன பாக்கிய?" என்று மறுபடியும் கேட்பார்கள். அதில் கேலி கிடையாது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் அக்கறை கேள்வியாகத்தான் வரும். வாசிப்பது ராக் என்கிற மேல்நாட்டு இசை என்று சொல்லிவிட்டால் அக்கறை இன்னும் கூடும். "வீட்ல அம்மா அப்பா இருக்காவளா?" என்பது அடுத்தது.

ராக் இசைக்காரனின் தொழிலையும் விடாமுயற்சியையும் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தில் சொன்னார்கள். விடாமுயற்சி பெரிய வார்த்தை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதற்குள்ளே நாலைந்து கிறுக்குத்தனங்கள்தான் உட்கார்ந்திருக்கும் என்பது என் கட்சி. அதையே சுற்றிச் சுற்றிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுரம் எங்கே, தந்தி எங்கே என்பதெல்லாம் படம் போட்டால்தான் விளங்கும், அது இன்றைக்கு வேண்டாம். விரல் நுனி எல்லோருக்கும் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குகிறேன்.

கிட்டார் தந்தி இரும்புத் தந்தி. புதிதாக வாசிக்கிற பிள்ளைக்கு முதலில் விரல் நுனி சிவக்கும், எரியும், அப்புறம் தோல் தடித்துக் காய்த்துப் போகும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை காய்ப்பது பற்றி நான் சொல்லவே வேண்டாம். அந்தக் காய்ப்புதான் எங்கள் முதலீடு. அதனால் கச்சேரி அன்றைக்கு நான் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போக மாட்டேன். ஆற்றில் நெடுநேரம் ஊறினால் காய்ப்பு இளகிவிடும், தந்தி உள்ளே அறுக்கும். தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டு, கச்சேரி நாளில் ரெண்டு வாளித் தண்ணீரில் அவசரமாகக் குளித்துவிட்டு வருகிற ஆள் நான். அன்றைக்கு வீட்டில் பாத்திரமும் தேய்க்க மாட்டேன். இதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை, வெறும் சோம்பல் என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு.

விரல் நுனி என்றதும் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தே தீரும். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். நீங்கள் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்கிற ஊர், தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே டோனி அயோமி என்று ஒரு பையன், தகடு வேலை செய்கிற பட்டறையில் கூலிக்கு இருந்தான். 1965-ஆம் வருஷம், வயது 17. இடது கைக்காரன், ஆகவே கிட்டாரில் தந்தியை அழுத்துவது வலது கை. ஒரு குழுவோடு வெளிநாட்டுக்கு வாசிக்கப் போக வாய்ப்பு வந்து, வேலையை விடுகிறான். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன் இனிமேல் போகவில்லை என்கிறான். அம்மா விடவில்லை, ஒப்புக்கொண்ட நாளை முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தாள். நம்ம வீட்டு அம்மாக்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். போனால், தகடு அழுத்துகிற இயந்திரத்தில் வழக்கமாக நிற்கிற ஆள் அன்றைக்கு வரவில்லை. இவனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். பழக்கமில்லாத இயந்திரம். வலது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனி போய்விட்டது.

இனி கிட்டாரை மறந்துவிடு என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பையன் வீட்டில் சுருண்டு கிடந்தபோது, பட்டறையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டை எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார். கேட்டுப் பார் என்றார். வேண்டாம் என்றான். வற்புறுத்திப் போட்டுக் காட்டினார். வாசிப்பு பிரமாதம். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்: வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928-இல் வண்டி தீப்பிடித்ததில் இடது கையில் ரெண்டு விரல் முடங்கிப் போனவர், மிச்ச விரலை வைத்துத்தான் இந்த ஓட்டம் ஓடுகிறார். என்னைக் கேட்டால், ராக் வரலாற்றில் அந்த மேற்பார்வையாளருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

அதற்கப்புறம் அயோமி செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டி, சூடான இரும்பால் ஓட்டை போட்டு, தேய்த்து, விரலுக்குத் தொப்பி செய்தான். தொப்பி தந்தியில் வழுக்கியது. பழைய தோல் சட்டையில் துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினான். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் அழுத்தம் தெரியாது, கனமான தந்தியை வளைக்கவும் முடியாது. அப்போது மெல்லிய தந்தி கிட்டார் கடையில் கிடையாது. பாஞ்சோ என்று ஒரு வாத்தியம் உண்டு, அதன் தந்தியை வாங்கிக் கிட்டாரில் மாட்டினான். பிற்பாடு சுருதியையே கீழே இறக்கினான். தந்தி தளர்ந்தது, விரல் பிழைத்தது. கூடவே ஒலி தடித்து, இருண்டு, ஒரு கனத்தோடு வந்து இறங்கியது. நாதஸ்வரத்தில் சுருதி ஏறின திமிரி நாயனம் இருந்த இடத்தில், டி. என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைப் பிரபலமாக்கியபோது ஒலி இறங்கிக் கம்பீரமானது. நம்ம காருகுறிச்சி அருணாசலத்தின் குருநாதர் அவர். அந்த இறக்கம் காதுக்கு என்ன செய்யும் என்று இந்த ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும்.

அயோமி சேர்ந்து நடத்திய குழு பிளாக் சபாத். இன்றைக்கு ஹெவி மெட்டல் என்று சொல்கிறோமே, அது அந்த ஒலியிலிருந்து கிளைத்தது. விபத்து நடந்து அறுபது வருஷம் கழித்து, 2025 ஜூலையில், 77 வயதில், அதே பர்மிங்காம் மேடையில் விரல்தொப்பியோடு நின்று வாசித்தார். ஊனத்தை வென்றார் என்று இதை மேடையில் முழங்குவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. விரல் வளரவில்லை. விரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றினார், அதை ஒவ்வொரு கச்சேரிக்கும் உட்கார்ந்து செய்தார். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்திருந்தால் சோப்பு பாட்டிலை உருக்குகிற பையனுக்குக் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பான்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். உச்ச மகுடம், மந்த மகுடம் என்று ரெண்டு மகுடம் அடிப்பார்கள், மகுடம் என்பது தோல் கட்டின பறை மாதிரி வாத்தியம். நடுவில் ஒருவர் எழுந்து ஓரமாகப் போய்த் தீயில் மகுடத்தைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, அப்புறம் வருவார். தோல் இறுகி ஒலி ஏறுகிற வரைக்கும் வர மாட்டார். அவரை யாரும் கிறுக்கன் என்று சொல்வதில்லை. நான் மேடையில் முறுக்காணியைத் திருகி அரை நிமிஷம் சுருதி பார்த்தால் மட்டும் முன்வரிசையிலிருந்து "ஏல, பாட்டப் போடுல" என்று சத்தம் வரும்.

சரி, எங்கே விட்டேன்? கிறுக்கு. இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்காவில் வான் ஹேலன் என்று ஒரு குழு. 1982-இல் அவர்கள் கச்சேரி ஒப்பந்தத்தில், மேடைக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைய எம் அண்ட் எம் என்கிற பல நிற மிட்டாய் வேண்டும், அதில் பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. உலகமே சிரித்தது, தலைக்கனம் என்றது. அவர்களுடைய பாடகர் பிற்பாடு காரணம் சொன்னார். கனமான விளக்கு, கருவிகள், மேடை தாங்க வேண்டிய எடை, மின் இணைப்பு என்று ஒப்பந்தம் தடிமனாக இருக்கும். நடுவில் இந்த மிட்டாய் வரி. தட்டில் பழுப்பு மிட்டாய் தெரிந்தால் எவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அர்த்தம், உடனே மேடை முழுவதையும் சோதிப்பார்கள்.

என் மிட்டாய் ஒரு நாற்காலி. கொடைக்கு ஒப்புக்கொள்ளும்போது மைக்செட் அண்ணாச்சியிடம் ரெண்டு சொல்வேன்: ஜெனரேட்டருக்கு எர்த் ஒழுங்காக அடித்திருக்க வேண்டும், எனக்குக் கை வைக்காத நாற்காலி ஒன்று வேண்டும். போய் இறங்கும்போது கை இல்லாத நாற்காலி கிடந்தால் நிம்மதி. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தால், டெஸ்டரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்விடுவேன். விளையாட்டில்லை இது. தந்தி ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியோடு சேர்ந்திருக்கும், மைக் இன்னொரு பெட்டியோடு சேர்ந்திருக்கும். எங்கேயாவது எர்த் இல்லாவிட்டால், தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறவன் வழியாகத்தான் மின்சாரம் போகும். 1972-இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில், லெஸ் ஹார்வி என்கிற கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்து போனார். அதனால் டெஸ்டர் வைக்காமல் எந்த மைக்கிலும் வாய் வைக்க மாட்டேன். இந்த நிலையத்து மைக்கிலும் ஆசையாகத்தான் இருந்தது, மரியாதைக்கு விட்டுவிட்டேன்.

பஸ் கிறுக்கு ஒன்றும் உண்டு. கிட்டாரை டிக்கியில் போட விட மாட்டேன். சித்திரை வெயிலில் மூடிய டிக்கிக்குள் பசை இளகி, தந்தியைத் தாங்குகிற கட்டை பிய்ந்து வந்துவிடும். ஒரு தடவை தென்காசி பஸ்ஸில் கண்டக்டர், "இதுக்கும் சேத்து டிக்கெட் எடுப்பியளா?" என்று கேட்டார். எடுத்தேன். மனுஷன் திகைத்துப் போய், ஆலங்குளம் வரைக்கும் யாரையும் அந்த இடத்தில் உட்கார விடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று ரெண்டு விரல் காட்டுகிறார்கள். தொழிலைப் பற்றித்தான் கடைசியாக விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக் மட்டும் வாசித்து நான் சோறு தின்னவில்லை. பங்குனி, சித்திரையில் கொடைக் கச்சேரி, டிசம்பரில் கிறிஸ்தவ சபைகளில் கேரல் பாட்டு, வருஷம் பூராவும் பாடம் சொல்லிக் கொடுப்பது. அதில் மிஞ்சுகிற ராத்திரி எங்கள் குழுவுக்கு. பெற்றோர்களுக்கு ஒன்று: பிள்ளை கிட்டார் கேட்டால் விலை கூடினதை வாங்காதீர்கள். பழையது போதும். தந்தி கட்டையிலிருந்து ரொம்ப உயரத்தில் நிற்காமல் இருக்கிறதா என்று மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். உயரமாக இருந்தால் விரல் வலித்தே பிள்ளை விட்டுவிடும். மெல்லிய தந்தி போடச் சொல்லுங்கள், இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ராத்திரி வாசிக்க எலெக்ட்ரிக் கிட்டார்தான் நல்லது, பெட்டியில் மாட்டாவிட்டால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. இன்னும் தந்தியை மீட்டுகிற பிளெக்ட்ரம் வில்லை பற்றி… சரி, கையை மூடிவிட்டார்கள். வணக்கம்.