நாற்காலியோடு ஏறும் வேன்

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தையின் ஒழுங்கை எதிலும் கிளினிக் நாளன்று காலையில் நின்று பாருங்கள். வாசலில் ஆட்டோ நிற்கும். மகன் தோளைப் பிடிக்க, பக்கத்து வீட்டுப் பையன் காலைத் தூக்க, ஒரு தாயை உள்ளே ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பாரிசவாதம் வந்த என் அம்மாவையும் ஆறு வருடம் இப்படித்தான் ஏற்றினோம். சேலைத் தலைப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடியே இருப்பார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. தெருவில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுதான் சொல்வார்.

பிறகு ஒருநாள், பழைய வாகனங்கள் விற்கும் ஓரிடத்தில் ஒரு சின்ன ஜப்பான் வேனைக் கண்டேன். பின்கதவைத் திறந்தால் செங்குத்தாக ஒரு பலகை. அதை இழுத்து நிலத்தில் விரித்தால் சாய்தளம். பின்பக்கத் தரை தாழ்வாக இருந்தது. உள்ளேயிருந்து இரண்டு பட்டிகள் வந்தன. அவற்றைச் சக்கர நாற்காலியில் கொளுவி, கம்பியோடு இணைந்த ரிமோட்டை அழுத்தினால் விஞ்ச் என்ற இழுவை மோட்டார் மெதுவாக இழுத்துக்கொள்ளும். ஒருவரையும் தூக்கத் தேவையில்லை! நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, விற்பவர் சொன்னார்: "அந்தப் பலகையைக் கழற்றித் தருகிறேன், சாமான் ஏற்ற இடம் கிடைக்கும்." எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. கழற்ற வேண்டாம் நேயர்களே. அந்தப் பலகைக்காகத்தான் அந்த வேன்.

ஜப்பானில் இவை தொழிற்சாலையிலேயே இப்படி வருகின்றன. டொயோட்டா இவற்றை வெல்கேப் என்ற பெயரில் விற்கிறது. சுசூக்கி எவ்ரி, டைஹட்சு அட்ராய் போன்ற 660 சிசி வேன்களிலும் இந்த வகை உண்டு. நீளம் 3.4 மீற்றர், அகலம் ஒன்றரை மீற்றருக்கும் சற்றுக் குறைவு. எங்கள் ஒழுங்கைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்கும் ஜப்பானுக்கும் ஸ்டியரிங் ஒரே பக்கம். இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியதால், தேடுபவருக்கு வழியும் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது நாற்காலியில் இருப்பவரையும் கூட்டிச் செல்லுங்கள். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: அவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது நிலத்திலிருந்து உச்சந்தலை வரை அளந்து, பின்வாசலின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். என் அம்மாவுக்கு இடம் தாராளமாக இருந்தது. உயரமான ஒருவர் தலையைக் குனிய வேண்டிவரும். பட்டிகள் இரண்டையும் முழுவதும் வெளியே இழுத்து, ஓரம் நைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அவரை ஏற்றி, நாற்காலியைத் தரையோடு பூட்டி, வேகத்தடை ஒன்றின் மேல் ஓட்டிப் பாருங்கள். தரை தாழ்ந்த வண்டி அடியில் உரசக்கூடும்.

இன்னொன்று, சாய்தளத்தை விரித்து நாற்காலியைத் திருப்பப் பின்னால் நல்ல இடம் வேண்டும். காலி நகருக்குப் போகும் காலி வீதி ஓரத்தில், அடுத்த வாகனம் ஒட்டி நிற்கும் இடத்தில், அது நடக்காது. வீட்டு வாசலில் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இடப்பக்கம் பெரிய சறுக்குக் கதவுள்ள டொயோட்டா போர்ட்டே பற்றியும், காப்புறுதி பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: வண்டிச் சாவியை வாங்கும்போது அந்த விஞ்ச் ரிமோட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். எந்தப் பொத்தான் இழுக்கிறது, எது விடுகிறது என்று அங்கேயே அழுத்திப் பார்த்து, தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.