மெமரி கார்டுக்குள்ள ஒரு ஊர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீடியோ கேம் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, ஆனா நான் விளையாடுறதப் பத்தி பேசப் போறதில்ல, நாமளே கேம் பண்றதப் பத்தி பேசப் போறேன். அதுவும் கம்ப்யூட்டர் இல்லாம, கோடிங் ஒரு வரி கூட தெரியாம, டிவில மாட்டுற பிளேஸ்டேஷன்லயே உக்காந்து, கையில இருக்குற கன்ட்ரோலர வச்சே ஒரு முழு ஆர்பிஜி பண்றது.

ஆர்பிஜின்னா ரோல் பிளேயிங் கேம். ஒரு ஹீரோ ஊர் ஊரா போவான், ஆளுங்ககிட்ட பேசுவான், பேய் பிசாசோட சண்ட போடுவான், லெவல் ஏறும், கத நகரும். 1986ல டிராகன் குவெஸ்ட் வந்ததுக்கு அப்புறம் ஜப்பான்ல இந்த வக கேம் மேல ஜனங்களுக்கு அப்படி ஒரு பித்து. இத்தன பேர் விளையாடுறாங்களே, இவங்களுக்கு சொந்தமா ஒண்ணு பண்ண ஆச இருக்காதான்னு ஆஸ்கிங்கிற ஜப்பான் கம்பெனி ஒரு டூல் போட்டாங்க. ஜப்பான் மொழில ட்சுகுருன்னா செய்யறது, டூலுக்கு அவங்க சொல்றது ட்சூரு, ரெண்டையும் ஒட்டி ஆர்பிஜி ட்சுகூருன்னு பேரு. நின்டெண்டோவோட சூப்பர் ஃபேமிகாம்ங்கிற கேம் மெஷின்ல 1995ல வந்துச்சு, 1997ல அந்த வரிசையில மூணாவது பிளேஸ்டேஷனுக்கு வந்துச்சு, அதையே 2000ல அமெரிக்காவுல ஆர்பிஜி மேக்கர்னு பேர் போட்டு வித்தாங்க.

அந்த அமெரிக்கா டிஸ்க்தான் எனக்குக் கெடச்சுது. மாமா லீவுக்கு வந்தப்ப அவங்க வீட்டுப் பசங்க ஆடி முடிச்ச பிளேஸ்டேஷனையும் நாலஞ்சு டிஸ்க்கையும் எடுத்துட்டு வந்தாரு. அந்த ஊர் மெஷின் நம்ம ஊர் கரண்ட்ல நேரா சொருகினா போயிடும், அதனால செங்கல் கனத்துல ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அது உம்முனு சத்தம் போட போட பக்கத்துல உக்காந்துதான் எல்லாமே பண்ணேன்.

மொத மொதல்ல எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன், பெரிய உலகம், மல, கடல், மூணு அரண்மன, ஒரு மாசம் தரையும் மரமுமா கட்டம் கட்டமா வச்சு நெரப்பினேன். கடைசில ஹீரோவ எறக்கி நடக்க விட்டா அங்க ஒண்ணுமே இல்ல, ஒரு ஆளு கூட பேசல, வெறும் இடம். மேப்ப பெருசா போடுறதுக்கு முன்னாடி பேசுறதுக்கு ஒரு ஆளப் பண்ணுங்கன்னு அதனாலதான் யார் கேட்டாலும் சொல்றேன்.

இந்த டூல்ல ஆளு, கதவு, பெட்டி எல்லாமே ஈவென்ட்தான். அந்த ஈவென்ட் எப்ப என்ன செய்யணும்னு முடிவு பண்றது ஸ்விட்ச். நம்ம வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரியே ஆன், ஆஃப், அவ்வளவுதான். நான் பண்ண மொத ஆளு கெணத்தடில நிக்கிற ஒரு பாட்டி. ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தா "ஆட்டக் காணோம் தம்பி"ன்னு அழும், ஆன் ஆச்சுன்னா "நல்லா இருப்ப சாமி, பால் குடிச்சிட்டுப் போ"ன்னு சொல்லும். ஆடு காட்டுக்குள்ள நிக்கும், பக்கத்துல போயி பட்டன அமுக்கினா ஸ்விட்ச் ஆன் ஆகும். ஓட்டிப் பாத்தேன், பாட்டி பால் குடுத்துச்சு, சந்தோஷம் தாங்கல, ஆனா திரும்ப காட்டுக்குப் போனா ஆடு அங்கயே நிக்குது! ஸ்விட்ச் ஆன் ஆனதும் ஆடு மறையணும்னு நான் சொல்லவே இல்லையே, நாம சொல்லாதது எதையும் அது தானா செய்யாது. அன்னைக்கு ஒரு மணி நேரம் அந்த ஆட்டோட மல்லுக்கட்டினேன்.

இன்னொண்ணு, ஊருக்குள்ள ஆளுங்க சும்மா நடமாடட்டும்னு எல்லாருக்கும் நடக்குற செட்டிங் போட்டேன், பாத்தா ஒரு குட்டிப் பையன் வாசல்ல வந்து நின்னுட்டான், ஹீரோ வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டான். அவன் நகர்ற வரைக்கும் காத்திருக்கணும், நகரவே மாட்டேங்குறான். சின்ன வீட்டு வாசல்கிட்ட ஆள நடக்க விடக்கூடாதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

வசனம் எழுதுறது தனி வேல. கீபோர்டு இல்ல, ஸ்க்ரீன்ல எழுத்துக் கட்டம் இருக்கும், அம்புக்குறிய நகத்தி நகத்தி ஒவ்வொரு எழுத்தா பொறுக்கணும். தமிழ் எழுத்து கெடையாது, அதனால பாட்டி பேசுறத எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தமிழா அடிச்சேன். ஒரு வாக்கியம் அடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆகும்போது தேவையில்லாத வார்த்த தானா விழுந்துடும். நீட்டி முழக்கி எழுதுற பழக்கம் எனக்கு விட்டதே அந்தக் கட்டத்தாலதான்.

வெளில இருந்து படமோ பாட்டோ கொண்டு வந்து சேக்க வழி இல்ல. அதே டிஸ்க்ல அனிமே மேக்கர்னு இருக்கும், அதுல புள்ளி புள்ளியா வச்சு நம்மளே ஆளு வரையலாம், அந்தப் பாட்டிக்கு வெள்ள சேல கட்டிவிட்டது அதுலதான். கம்ப்யூட்டர்ல இதே மேக்கர் வந்திருக்கு, அதுல வசதி ஜாஸ்தி, 2011ல வந்து நெறைய பேர அழ வச்ச டு த மூன்ங்கிற கேம் கூட கம்ப்யூட்டர் ஆர்பிஜி மேக்கர்ல பண்ணதுதான். ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோலத்தான் சொல்வேன். இருக்குறத வச்சு சமைக்கணும், வேற வழி இல்ல, அதனாலயே சமையல் முடியும்.

சேமிக்கிறது மெமரி கார்டுல. 128 கேபி, 15 பிளாக், அதுக்குள்ளதான் ஊர், ஆளு, கத எல்லாம். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பாக்குறேன், சித்தி பையன் அவனோட கேம் சேவ் பண்ண இடம் இல்லன்னு என்னோடத அழிச்சிட்டான், எட்டு மாச வேல. அவன் மேல கோவம் கூட வரல, வயித்துக்குள்ள என்னமோ கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டு வாரம் மெஷினத் தொடல. அப்புறம் கணக்கு கிராஃப் நோட்ட எடுத்து ஊர மொதல்ல பேப்பர்ல போட்டேன், எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு நம்பர் போட்டு ஓரத்துல எழுதி வச்சேன். அரண்மன மூணும் வேணாம்னு விட்டுட்டேன், ஒரு தெரு, ஒரு கெணறு, ஒரு காடு, பதினோரு ஆளுங்க. அப்புறம் கார்டும் ரெண்டு வாங்கிட்டேன்.

இப்ப இந்தப் பாடு எல்லாம் கொறஞ்சிருக்கு. நின்டெண்டோவோட 3டிஎஸ்னு கையில வச்சு ஆடுற மெஷின்ல ஆர்பிஜி மேக்கர் ஃபெஸ் வந்தப்ப பண்ண கேம நெட்ல ஏத்தினா மத்தவங்க இலவச பிளேயர் ஆப் போட்டு ஆடலாம்னு வச்சாங்க, அருமையான ஏற்பாடு, ஆனா 2023 மார்ச்ல 3டிஎஸ்ஸோட ஆன்லைன் கடையவே மூடிட்டாங்க. 2024ல நின்டெண்டோ ஸ்விட்ச்ங்கிற கேம் மெஷினுக்கு ஆர்பிஜி மேக்கர் வித் வந்துச்சு.

எங்க காலத்துல கார்டத்தான் கையில எடுத்துட்டுப் போகணும், இல்ல ஆடுறவங்க நம்ம வீட்டுக்கு வரணும். அப்படித்தான் லீவுக்கு வந்த அத்த பொண்ணு என் கேம ஆடினா, அப்ப அவளுக்கு எட்டு வயசு. ஆட்டக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டா, பாட்டி பால் குடுத்துச்சு, அடுத்து காட்டுக்கு அந்தப் பக்கம் போகணும். போகாம திரும்ப பாட்டிகிட்டயே போறா, பேசுறா, மறுபடி பேசுறா. ஏன்டி அங்கயே நிக்கிறன்னு கேட்டேன். பால் நல்லாருந்துச்சுன்னு பாட்டிகிட்ட சொல்லணும், அதுக்கு எந்த பட்டன்னு கேட்டா.

அந்த பட்டன் என் கேம்ல இல்ல. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் டிவி சத்தத்தக் கொறச்சு வச்சு, அவ சொன்ன பதில ஒவ்வொரு எழுத்தா பொறுக்கிச் சேத்தேன், அதுக்குன்னு புதுசா ஒரு ஸ்விட்ச் போட்டேன்.

வணக்கம்.