வாட்ஸ்அப்பில வந்தா அது வாடகை ஏத்தம் இல்லை

வணக்கம் நேயர்களே. வாடகையைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ அக்கா எண்டு தம்பி கூப்பிட்டவர், நானும் ஓம் எண்டு வந்திட்டன்.

போன கிழமை எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை ஃபோனை எடுத்து நீட்டினா. லண்டன் ஈஸ்ட்ஹாமில ரெண்டு ரூம் வாடகை வீடு, வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். "தங்கச்சி, வாற மாசத்திலயிருந்து 200 பவுண்ட்ஸ் கூட்டிப் போடுங்கோ", பக்கத்தில ஒரு கும்பிடு எமோஜி. இவ பாவம், மாசாமாசம் பேங்கிலயிருந்து தானாப் போற வாடகைக் காசை, அந்த ஸ்டாண்டிங் ஓர்டரை, மாத்த பேங்க் ஆப்பைத் திறந்திட்டா. பொறு பிள்ளை எண்டன்.

இங்கிலாந்துக்குத்தான் சொல்லுறன், ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டம் வேற. 2026 மே 1ஆம் திகதியிலிருந்து பிரைவேட் வீடுகளில வருசத்துக்கு ஒருக்காத்தான் வாடகை ஏத்தலாம், அதுவும் அரசாங்கத்தின்ர 4ஏ ஃபோர்மில ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்து. வருசாவருசம் இவ்வளவு கூடும் எண்டு அக்ரிமென்டில எழுதியிருந்தாலும் அது இனிச் செல்லாது.

ஃபோர்ம் ஒழுங்கா வந்து தொகை கூடவா இருந்தா, அதில போட்டிருக்கிற திகதிக்கு முதல் ட்ரிபியூனலுக்கு, அதுதான் வாடகைத் தகராறைத் தீர்க்கிற நீதிமன்றம் மாதிரியான இடத்துக்கு, விண்ணப்பிக்கவேணும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த வாடகைதான். முந்தி எங்கட சனம் பயந்ததில நியாயம் இருந்தது, ஏனெண்டா ட்ரிபியூனல் வீட்டுக்காரர் கேட்டதைவிடக் கூடவும் போடலாம், பழைய திகதியிலயிருந்து கட்டவும் சொல்லலாம், கோவத்தில வீட்டுக்காரர் காரணமே சொல்லாம வீட்டைவிட்டு எழும்பச் சொல்லுற செக்ஷன் 21 நோட்டீஸும் நீட்டுவார். இப்ப அந்த 21 இல்லை. கேட்டதுக்கு மேல போடேலாது, புது வாடகை தீர்ப்புக்குப் பிறகுதான் தொடங்கும், கஷ்டம் எண்டு காட்டினா இன்னும் ரெண்டு மாசம் வரைக்கும் தள்ளிப்போடலாம்.

ஆனா ஒண்டு, உங்கட சம்பளம் எவ்வளவு, பிள்ளையள் எத்தனை எண்டு பாத்து அவை வாடகையைத் தீர்மானிக்கிறேல்ல. இந்த வீட்டை இண்டைக்கு மார்க்கெட்டில விட்டா என்ன வாடகை போகும், அதுதான் கேள்வி. அதால அழுது கடிதம் எழுதுறதை விட்டிட்டு அதே ஏரியாவில அதே அளவு வீடுகள் என்ன விலைக்குப் போகுது எண்டு ரைட்மூவ் எண்ட வீட்டு விளம்பர வெப்சைட்டில பாத்து விளம்பரங்களை எடுத்து வையுங்கோ, பாத்ரூம் சுவர்ப் பூஞ்சணத்தைத் திகதியோட படம் எடுங்கோ, நீங்கள் உங்கட காசில போட்ட லாமினேட் தரையையும் சொல்லுங்கோ, அதைக் காட்டி வாடகை கூட்டேலாது.

கவுன்சில் வீடு, அதாவது உள்ளூராட்சி சபை வாடகைக்குக் குடுக்கிற வீடு எண்டா கதை வேற. அங்க வாடகைக்கு ட்ரிபியூனல் இல்லை. 2026 ஏப்ரலில கூட்டக்கூடிய உச்சம் 4.8 வீதம், அதாவது முந்தின செப்டெம்பர் விலைவாசி ஏற்றம் 3.8 வீதம், அதோட ஒரு வீதம். கணக்குப் பிழை எண்டா முறைப்பாடு போடலாம், அவ்வளவுதான். ஹவுசிங் அசோசியேஷன் எண்ட லாபநோக்கில்லாத வீட்டு அமைப்புகளின்ர வீட்டில இருக்கிற ஆக்கள் முதல்ல அக்ரிமென்டை எடுத்துப் பாருங்கோ, கனபேருக்கு ஏத்திற முறை அதிலயே எழுதியிருக்கும்.

சேர்விஸ் சார்ஜ், அதுதான் பில்டிங் பராமரிப்புக்கு எண்டு வாங்கிற காசு, அதை மட்டும் தனியாப் பாருங்கோ. செலவுக்கேத்த மாதிரி மாறுற வகை எண்டா அதைக் கேள்வி கேக்க ட்ரிபியூனலுக்குப் போகலாம். ரெண்டு மாடி பில்டிங் ஒண்டில லிஃப்ட் பராமரிப்பு எண்டு காசு போட்டிருந்ததை நானே கண்ணால கண்டிருக்கிறன், அங்க லிஃப்டே இல்லை! யூனிவர்சல் கிரெடிட் எண்ட அரசாங்க உதவிப் பணம் எடுக்கிற ஆக்கள் புது வாடகையை உங்கட ஒன்லைன் அக்கவுன்டில அறிவிக்க மறக்காதேங்கோ.

அந்தப் பிள்ளை அண்டைக்கே திருப்பி எழுதினா, "அண்ணை, ஃபோர்மை அனுப்புங்கோ, பாக்கிறன்" எண்டு. ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, இன்னும் பதில் இல்லை.