பசையும் நூலும் நான்கு நண்பர்களும்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை அவர்களே, இந்த மேடைக்கு மின்விளக்கும் நாற்காலியும் கட்டணமில்லாமல் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, பெயர் விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டிய மற்றப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்குத் தனி வணக்கம். அவர் இல்லாவிட்டால் கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டாது.

மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணம். ஒன்று, கிழிந்த புத்தகத்தைக் கட்டும் கைவேலை. இரண்டு, அந்த வேலையில் வளரும் நட்பு. மூன்று, நம் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதி. மூன்றுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்றுதான்: ஊர் கூடித் தேர் இழு.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். இந்த வாரத்தில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் எந்த மேடையும் நிறைவு பெறாது. 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். போன சில நாளிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. வகுப்பு நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு ஆளரவமே இல்லாத அறை எப்படிப் பிடிக்கும்? பழைய கல்லூரிக்கே ஓடிவந்து, என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். முதலில் இலண்டன் போய் நூலகக் கலையைப் படித்துவிட்டு வா, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்றார்கள். போனார். அங்கே நூலகம் நூலகமாகச் சுற்றினார். ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட தகடு, திருகு, மறை, சக்கரம். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் ஒரு பொம்மை, வேறு விதமாகப் பூட்டினால் இன்னொன்று. குழந்தைகளெல்லாம் பொம்மையைப் பார்த்தார்கள். நம் சீர்காழிக்காரர் பூட்டும் முறையைப் பார்த்தார்! அறிவுத் துறைகளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் வகுத்து 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறைக்கு விதை அங்கே விழுந்தது. ஊர் திரும்பியவர் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்னும் நூல். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில், ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். தஞ்சைச் சீமையின் வண்டிப் பாதையில் புத்தகம் போயிற்று, நினைத்துப் பாருங்கள். வண்டியைச் செய்தவர் ஒருவர், ஓட்டியவர் ஒருவர், புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் ஊர் மக்கள். ஊர் கூடித் தேர் இழு என்றால் இதுதான். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அது.

அந்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. முதுகு விட்டு, தாள் உதிர்ந்து, சணல் கயிறு கட்டி மூலையில் கிடக்கும் புத்தகம் யாருக்குப் பயன்படும்? ஆகவே கைவேலைக்கு வருகிறேன்.

இன்றைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை தைக்கப்படுவதில்லை. முதுகில் சூடான பசை தடவி ஒட்டப்படுகின்றன. அந்தப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து நொறுங்குகிறது. வாசகர் புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்தால் அங்கேயே முதுகு உடைகிறது. இதைச் சரிசெய்யக் குத்துத் தையல் போதும், அதாவது தாள்கட்டின் முதுகோரத்தில் துளை போட்டு நூல் கோத்துத் தைப்பது.

முதலில் அட்டையைக் கிழியாமல் கழற்றி வையுங்கள். முதுகில் ஒட்டியிருக்கும் பழைய பசையை மொட்டைக் கத்தியால் சுரண்டுங்கள். பக்க எண்களை ஒன்று விடாமல் சரிபாருங்கள். தைத்து முடித்த பிறகு பக்கம் மாறியிருப்பதைக் கண்டால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். பிறகு தாள்கட்டை மேசையில் தட்டிச் சமன்செய்து, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்குங்கள். முதுகிலிருந்து 6 மி.மீ. உள்ளே ஐந்து துளை. மேல், கீழ்த் துளைகள் ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி இருக்கட்டும், அதற்கும் குறைந்தால் தாள் பிய்ந்துகொள்ளும். மெல்லிய புத்தகத்துக்குக் குத்தூசி போதும். தடித்த புத்தகத்தில் ஊசி உள்ளே சாய்ந்து, பின்பக்கம் துளை எங்கோ வெளிவரும். அதற்குக் கையால் சுற்றித் துளை போடும் கைத்துரப்பணமும் ஒன்றரை மி.மீ. துளை அலகும் வேண்டும். தையல் நூல் புத்தக உயரத்தைப் போல நான்கு மடங்கு. அதைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காது, முடிச்சும் நழுவாது. நடுத்துளையில் தொடங்கி, மேல் ஓரம் போய்த் திரும்பி, கீழ் ஓரம் போய்த் திரும்பி, நடுவில் விட்டுவைத்த வாலோடு முடிச்சுப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள் ஓரம் ஒன்றரை செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் குத்துத் தையல் வேண்டாம். எழுத்தெல்லாம் மடிப்புக்குள் போய்விடும். அப்படிப்பட்ட புத்தகத்துக்கு ஹேக்சா பிளேடால் முதுகில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஐந்தாறு கீறல் போட்டு, கீறலில் நூலைப் பதித்து, வெள்ளைப் பசை தடவுங்கள். காய்ந்தாலும் வளைந்து கொடுப்பது வெள்ளைப் பசை. மைதாப் பசை முதுகுக்கு ஆகாது, விறைத்துப்போகும்.

முதுகின் மேல் காடாத் துணி, இரு பக்கமும் 3 செ.மீ. ஏறும்படி. அட்டைக்கு 2 மி.மீ. மில்போர்டு என்னும் கெட்டி அட்டை. உயரம் தாளைவிட 6 மி.மீ. கூடுதல், அகலம் தாளைவிட 7 மி.மீ. குறைவு. காரணம், முதுகிலிருந்து 1 செ.மீ. தள்ளித்தான் அட்டை தொடங்க வேண்டும், முன் ஓரத்தில் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும். அந்த இடைவெளியை விடாமல் அட்டையைத் தையல் மேலேயே ஏற்றி ஒட்டியவர்களின் புத்தகம் திறக்கவே திறக்காது. தாளுக்கும் அட்டைக்கும் நார் ஓடும் வாட்டம் ஒன்று உண்டு. இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் மடிப்புக் கோடுதான் நார் ஓடும் வாட்டம், அது முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் அட்டை சுருண்டுகொள்ளும், எந்த எடைக்கும் பணியாது.

மைதாப் பசைக்கு 100 கிராம் மைதா, 600 மி.லி. தண்ணீர். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றி, மெல்லிய தீயில் கண்ணாடி போல் வரும் வரை கிண்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய பைண்டர்கள் மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைச் சேர்ப்பது வழக்கம். அது விஷம், நாளடைவில் தாளையும் கெடுக்கும். பிள்ளைகள் தொடும் புத்தகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சுங்கள். ஒட்டி முடித்த புத்தகம் எடைக்கு அடியில் ஒரு முழு நாள் இருக்கட்டும், இந்த அடைமழைக் காலத்தில் இரண்டு நாள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் அது பூஞ்சை பிடிப்பதோடு பக்கத்துப் புத்தகத்துக்கும் கொடுக்கும்.

கிழிந்த தாளில் செலோ டேப் ஒட்டாதீர்கள். மேடையில் மைக் பிடித்து இதைச் சொல்லியே ஆக வேண்டும். டேப் சில ஆண்டில் உதிர்ந்துவிடும். அதன் பிசின் பழுப்புக் கறையாகத் தாளில் இறங்கிவிடும், எழுத்தும் போகும். மெல்லிய டிஷ்யூ தாளைக் கத்தரிக்காமல் கையால் 1 செ.மீ. பட்டையாகக் கிழித்து, மைதாப் பசையை மிக மெல்லிதாகத் தடவி ஒட்டுங்கள். கையால் கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருப்பதால் தாளோடு தாளாகப் படிந்துவிடும். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து எடை ஏற்றுங்கள்.

மிகப் பழைய, அரிய பதிப்புகளில் கை வைக்க வேண்டாம். அதற்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தைக் கட்டலாம் என்பதை நூலகரே பிரித்துத் தர வேண்டும். பதிவெண் எழுதிய பக்கத்தையும் தவணைச் சீட்டையும் தொலைக்கக் கூடாது.

இரண்டாவது, நட்பு. ஒரு மேசைக்கு நான்கு பேர் என்று அமருங்கள். ஒருவர் சுரண்ட, ஒருவர் தைக்க, ஒருவர் பசை தடவ, ஒருவர் எடை ஏற்றட்டும். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேசும். முகம் பார்த்துச் சொல்லத் தயங்குகிற வீட்டுக் கவலையைக்கூட மனிதர்கள் நூலைக் கோத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். படிக்கும் பழக்கமே இல்லாத தையல்காரர் இந்த மேசையில் முதல் மரியாதை பெறுவார். தான் தைத்த புத்தகத்தைப் புரட்டாமல் அவரும் வீடு போகமாட்டார். பசைக்கும் அட்டைக்கும் ஆகும் செலவை மட்டும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நல்ல நண்பர் குழுக்கள் பத்து ரூபாய்க் கணக்கில்தான் பிரிகின்றன.

நட்பைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் நகர்மன்றத் தலைவர் மேடையில் இருக்கும்போது இதைக் கேட்காமல் விட முடியாது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அது ஒவ்வொரு குடும்பமும் புத்தகத்துக்கென்று கொடுத்த காசு. உள்ளாட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். எந்த ஊரிலும் அது நிலுவையில் நிற்கக் கூடாது. ஐயா, இந்த ஆண்டு வரியை மார்ச்சுக்குள் முழுமையாகச் செலுத்தி, செலுத்திய தொகையை நூலகப் பலகையில் எழுதிப் போட ஆவன செய்யுங்கள். ஊரே கைதட்டும்.

எங்கள் பங்கை மறந்துவிட்டுக் கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் கட்டினால் எவரும் கிளை நூலகப் புரவலர் ஆகலாம். ஒருவரால் முடியாவிட்டால் மேசை நண்பர்கள் நால்வர் ஆளுக்கு இருநூற்றைம்பது போட்டு, நால்வரில் மூத்தவர் பெயரில் கட்டுங்கள். ஊர் கூடித் தேர் இழு என்று நூறு முறை சொல்வதைவிட வடத்தில் ஒரு கை வைப்பது மேல். சிறுவர் பகுதி பற்றிச் சொல்ல நேரமில்லை. அதைத் தலைமை ஆசிரியை அம்மா தம் உரையில் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

புரவலர் படிவங்கள் வாசலில் நூலகரின் மேசையில் இருக்கின்றன. பணம் கட்டியதும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகம் கட்டும் வேலை வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்குகிறது. வருகிறவர்கள் ஒரு பழைய பருத்தித் துணியும், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு செங்கலும் கொண்டுவந்தால் போதும். பசையை நூலகத்திலேயே காய்ச்சிக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.