699 படி ஏறி உச்சில நின்னு பேசறேன்: செயின்ட் ஹெலினா தீவும் அதோட மனுஷங்களும்

வணக்கம் மக்களே! காத்து சத்தம் ரொம்ப கேட்டுச்சுன்னா மன்னிச்சுக்கங்க, மைக்குக்கு மேல துணி சுத்தி வெச்சிருக்கேன், அதுக்கும் மீறி அடிக்குது. நான் இப்ப நிக்கிறது ஜேக்கப்ஸ் லேடர்னு சொல்ற படிக்கட்டோட உச்சில. மொத்தம் 699 படி, 1829ல கட்டினது, அப்ப இதுல ட்ராலி மாதிரி வண்டிய ஏத்தி இறக்கி கீழேருந்து மேல கோட்டைக்கு சாமான் கொண்டு போவாங்களாம், இப்ப படி மட்டும்தான் மிச்சம் இருக்கு. கேமராவ கீழ திருப்பறேன், பாருங்க. ரெண்டு மொட்டப் பாறைக்கு நடுவுல ஒரு சந்து மாதிரி தெரியுதுல்ல, அந்த சந்துக்குள்ள கோடு போட்ட மாதிரி வீடுங்க, அதுதான் ஜேம்ஸ்டவுன், இந்தத் தீவோட தலைநகரம். அதுக்கு அந்தப் பக்கம் கடல். அவ்ளோதான், அதுக்கப்பறம் கடல் கடல் கடல்.

செயின்ட் ஹெலினான்னு சொன்ன உடனே எல்லாரும் என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, நெப்போலியன அடைச்சு வெச்ச இடம்தானன்னு. ஆமா, அதேதான். ஆனா இங்க வந்து ஆறு நாள் ஆகுது, இந்த வீடியோல நான் அவரப் பத்தி கொஞ்சமாத்தான் பேசப் போறேன். அவரு இங்க இருந்தது அஞ்சரை வருஷம். இங்க இருக்கற ஜனங்க 350 வருஷத்துக்கு மேல இருக்காங்க, அவங்கள யாருமே கேக்கறதில்ல.

முதல்ல இது எங்க இருக்குன்னு சொல்லிடறேன். மேப்ல ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைய எடுத்துக்கங்க, அங்கோலா நமீபியா எல்லாம் இருக்குல்ல, அங்கேருந்து கடலுக்குள்ள சுமார் 1,950 கிலோமீட்டர் வாங்க, நடுவுல ஒண்ணுமே கிடையாது, தெற்கு அட்லாண்டிக் தண்ணி மட்டும்தான், அப்பறம் திடீர்னு ஒரு எரிமலைப் பாறை எழும்பி நிக்கும். 122 சதுர கிலோமீட்டர். நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 8 கிலோமீட்டர் கிட்ட. எரிமலை அடங்கி பல லட்சம் வருஷம் ஆயிடுச்சு. கடல்லேருந்து பாத்தா பயமா இருக்கும், சுத்தி செங்குத்துப் பாறை, ஒரு புல்லு கிடையாது. ஆனா உள்ள மேல ஏற ஏற நிறம் மாறிட்டே வரும், அர மணி நேரத்துல பனி மூட்டம், பாசி, பெரணி, டயானாஸ் பீக்குன்னு ஒரு மலை, 800 மீட்டருக்கு மேல, அங்க நின்னா மேகம் நம்ம முகத்துல ஈரமா ஒட்டும்.

அந்த மொட்டப் பாறை எப்பவுமே மொட்டையா இருந்ததில்ல, அத சொல்லணும். 1502ல போர்ச்சுகீசியக் கப்பல் வந்தப்ப இங்க மனுஷனே கிடையாது, காடு இருந்துச்சு. வந்தவங்க திரும்ப வரும்போது கறிக்கு ஆகுமேன்னு ஆட்ட இறக்கி விட்டுட்டுப் போனாங்க. ஆடு பெருகி பெருகி முளைக்கிற கன்ன எல்லாம் மேஞ்சு தீத்துடுச்சு, போதாததுக்கு அடுப்புக்கு வெட்டினது வேற. செயின்ட் ஹெலினா ஆலிவ்னு ஒரு மரம், உலகத்துல வேற எங்கயும் கிடையாது, அதோட கடைசிச் செடி 2003ல செத்துப் போச்சு. ஆனா இன்னொரு கதையும் இருக்கு. எபோனின்னு ஒரு செடி, அழிஞ்சே போச்சுன்னு நூறு வருஷத்துக்கு மேல நெனச்சுட்டு இருந்தாங்க, 1980ல இந்த ஊர்க்காரர் ஜார்ஜ் பெஞ்சமினும், க்வென்டின் க்ரோங்க்னு ஒரு தாவர ஆராய்ச்சியாளரும் ஒரு மலைச் சரிவுல ரெண்டே ரெண்டு செடிய பாத்தாங்க. அந்த ரெண்டுலேருந்து கிளை வெட்டி வளத்து வளத்து இப்ப தீவு முழுக்க நட்டிருக்காங்க. நேத்து அந்த வெள்ளைப் பூவ நான் பாத்தேன், தொடணும்னு கூட தோணல, சும்மா நின்னுட்டே இருந்தேன்.

சரி, ஜனங்க. இவங்க தங்கள செயின்ட்ஸ்னு சொல்லிக்கறாங்க. 2021 கணக்குப்படி 4,400 பேர் சொச்சம். இந்த மண்ணுக்குன்னு ஆதிகுடி யாரும் கிடையாது, எல்லாருமே கப்பல்ல வந்தவங்க, வந்தவங்கன்னு சொல்றத விட நிறையப் பேர் கொண்டு வரப்பட்டவங்க. 1659லேருந்து இது கிழக்கிந்தியக் கம்பெனி கையில. ஆமாங்க, நம்ம சென்னைல கோட்டை கட்டின அதே கம்பெனிதான். மெட்ராஸ், கல்கத்தாலேருந்து சரக்கேத்தி லண்டனுக்குத் திரும்பற கப்பலுங்க தண்ணி புடிக்க, காய்கறி ஏத்த நிக்கற இடம் இது. அடிமைகள மடகாஸ்கர்லேருந்து, இந்தியாப் பக்கத்துலேருந்து எல்லாம் கொண்டு வந்திருக்காங்க, 1810 வாக்குல சீனாலேருந்து கூலி ஆளுங்க. இங்கிலீஷ் குடியேறிகள், சிப்பாய்ங்க. எல்லாம் கலந்து கலந்து இன்னைக்கு ஒரே குடும்பத்துல அஞ்சு நிறத்துல பிள்ளைங்க இருக்கும், யாரும் அதப் பத்தி பேசறதே இல்ல. இங்க ப்ளோன்னு ஒரு சாப்பாடு, ஒரே சட்டில அரிசி, கறி, மசாலா எல்லாம் போட்டு வேக வெப்பாங்க, நான் தங்கியிருக்கற வீட்டம்மா முதல் நாள் அதத்தான் வெச்சாங்க, வாயில வெச்ச உடனே தெரிஞ்சுடுச்சு இந்தப் பேரும் இந்த வாசனையும் எந்தத் திசைலேருந்து கப்பல் ஏறியிருக்கும்னு.

கம்பெனிக்கெல்லாம் முன்னாடியே இங்க இருந்த முதல் மனுஷனும் இந்தியாலேருந்து வந்தவர்தான். ஃபெர்னாவ் லோப்பஸ்னு ஒரு போர்ச்சுகீசிய சிப்பாய், கோவால போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க்கோட படைல இருந்து எதிர்ப்பக்கம் மாறினதுக்காக மூக்கு, காது, வலது கை, இடது கட்டைவிரல் எல்லாம் வெட்டிட்டாங்க. 1516ல ஊருக்குத் திரும்பறப்ப இந்தத் தீவுல இறங்கி ஒளிஞ்சுட்டார், சொந்த ஊர் மூஞ்சில முழிக்க மனசில்லாம. துணைக்கு ஒரு சேவல் வளத்தாராம். நடுவுல ஒரு தடவ லிஸ்பன், ரோமெல்லாம் போயிட்டு திரும்பவும் இங்கயே வந்து 1545ல இங்கயே செத்துப் போனார்.

இப்ப சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம். பக்கத்துப் பள்ளத்தாக்கு பேரு ரூபர்ட்ஸ் வேலி, முந்தாநேத்து போனேன். பிரிட்டன் அடிமை வியாபாரத்த தடை பண்ணின பிறகு, கடற்படை அட்லாண்டிக்ல அடிமைக் கப்பலுங்கள மடக்கிப் புடிச்சு, அதுல இருந்தவங்கள இங்க கொண்டு வந்து இறக்குச்சு. 1840லேருந்து கிட்டத்தட்ட 30 வருஷம், 25,000 பேருக்கும் மேல. விடுதலை ஆனவங்கதான், ஆனா அந்தக் கப்பலோட அடித்தட்டுல கெடந்து நோயும் பட்டினியுமா வந்தவங்க, சுமார் 8,000 பேர் இங்கயே செத்து அந்தப் பள்ளத்தாக்குலயே புதைஞ்சாங்க. ஏர்போர்ட்டுக்கு ரோடு போடறதுக்காக 2008 வாக்குல தோண்டினப்ப 325 பேரோட எலும்புங்க வெளில வந்துச்சு. அத எடுத்து பெட்டில வெச்சிருந்தாங்க, வருஷக்கணக்கா. 2022லதான் திரும்பவும் மரியாதையா அடக்கம் பண்ணினாங்க. அங்க நின்னப்ப கேமராவ ஆஃப் பண்ணிட்டேன், அதனால அந்த ஃபுட்டேஜ் இந்த வீடியோல இருக்காது. நெப்போலியன் இருந்த லாங்வுட் வீடும், அவர் கல்லறை இருந்த இடமும் 1858லேருந்து பிரான்ஸ் அரசாங்கத்துக்குச் சொந்தம், அவர் உடம்ப 1840லயே பாரிஸுக்குக் கொண்டு போயிட்டாங்க, இங்க இருக்கறது காலி கல்லறை, பேர் எழுதறதுல பிரிட்டிஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ஒத்துவராம பேரே எழுதாம விட்ட கல்லு. அந்தக் காலிக் கல்லறைக்கு வேலி, தோட்டம், கொடி எல்லாம் இருக்கு. 1840, அதே வருஷம்தான் ரூபர்ட்ஸ் வேலில ஜனங்கள இறக்க ஆரம்பிச்சாங்க. அந்த 8,000 பேருக்கு தனித்தனியா ஒரு பேர் கூட கல்லுல கிடையாது. எனக்கு அது மனச அறுக்குது, அத சொல்லாம என்னால இந்த வீடியோவ போட முடியாது.

அப்பறம் பொழப்பு. சூயஸ் கால்வாய் 1869ல திறந்த உடனே இந்தப் பக்கம் கப்பல் வர்றது சரிய ஆரம்பிச்சிடுச்சு, 1855ல 1,100 கப்பல் வந்த ஊருக்கு 1889ல 288தான். பின்னாடி ப்ளாக்ஸ்னு ஒரு நாருச் செடி போட்டாங்க, கயிறு, சணல் மாதிரி திரிக்கறதுக்கு, பிரிட்டிஷ் தபால் துறை அத நிறைய வாங்கிட்டு இருந்துச்சு, அவங்க செயற்கை நாருக்கு மாறின உடனே 1966ல ஆலை மூடிட்டாங்க. எங்கயோ லண்டன்ல ஒரு ஆபீஸ்ல கட்டற கயிற மாத்தறாங்க, இங்க ஒரு தீவுக்கே வேலை போயிடுது. அந்தச் செடி இன்னும் மலை முழுக்க காடா கெடக்கு, இங்க மட்டுமே வளர்ற செடிங்கள அமுக்கிட்டு.

யாரு ஆளறாங்கன்னு கேட்டீங்கன்னா, இது தனி நாடு இல்ல, பிரிட்டனோட கடல்கடந்த ஆட்சிப்பகுதி. 1834ல கம்பெனி கையிலேருந்து அரசாங்கத்துக்குப் போச்சு. இது, அசென்ஷன், ட்ரிஸ்டன் டா குன்யா மூணு தீவும் சேந்துதான் ஒரே டெரிட்டரி, 2009ல வந்த அரசியலமைப்புல மூணும் சமம்னு எழுதியிருக்கு, ஆனா ட்ரிஸ்டன் இங்கேருந்து 2,400 கிலோமீட்டர் தெற்க. கவர்னர லண்டன் அனுப்புது. வெளிவிவகாரம், பாதுகாப்பு, போலீஸ் எல்லாம் கவர்னர் கையில. மத்தது எல்லாம் உள்ளூர் சட்டசபை, 12 உறுப்பினர், ஜனங்க ஓட்டுப் போட்டு வர்றவங்க, முழுத் தீவும் ஒரே தொகுதி. 2021லதான் மந்திரி சபை முறை வந்துச்சு, ஜூலி தாமஸ்னு ஒருத்தங்க முதல் முதலமைச்சர் ஆனாங்க. நாலாயிரத்துச் சொச்சம் பேர்ல 12 பேருன்னா யோசிச்சுப் பாருங்க, மந்திரிய மளிகைக் கடைல நிறுத்தி எங்க ரோடு ஏன் இப்படி இருக்குன்னு கேக்கலாம். பவுண்டும் இவங்களோடதே தனியா இருக்கு, பிரிட்டிஷ் பவுண்டுக்கு சரிக்குச் சரி. ஆனா பட்ஜெட்டுக்கு வருஷா வருஷம் லண்டன் பணம் வந்தாதான் ஓடும், அது இல்லாம முடியாது. கவர்னர் வீட்டுப் பேரு ப்ளான்டேஷன் ஹவுஸ், அந்தப் புல்வெளிலதான் ஜோனதன் இருக்கான், ஆமை, 1832 வாக்குல பொறந்திருக்கும்னு கணக்கு, 1882ல சீஷெல்ஸ்லேருந்து வந்தான். கண்ணு தெரியாது, மோப்பமும் போயிடுச்சு, கையில ஊட்டி விடறாங்க. எத்தன கவர்னர பாத்திருப்பான்!

நான் தங்கியிருக்கற வீட்டம்மா கிட்ட ராத்திரி பேசிட்டு இருந்தப்ப, அவங்க அதிகம் பேசினது நெப்போலியன் இல்ல, ஆமை இல்ல, பாஸ்போர்ட்ட பத்தி. 1673ல இரண்டாம் சார்லஸ் மன்னர் கொடுத்த சாசனத்துல, இந்தத் தீவுல பொறந்தவங்களுக்கு இங்கிலாந்துல பொறந்த மாதிரியே எல்லா உரிமையும் உண்டுன்னு எழுதியிருக்கு. அப்படி இருந்தும் 1981 குடியுரிமைச் சட்டத்துல, பிரிட்டன்ல போய் வாழற உரிமை இவங்களுக்கு இல்லன்னு ஆயிடுச்சு. இதே மாதிரி பிரிட்டன் ஆட்சில இருக்கற ஃபாக்லண்ட் தீவுக்காரங்களுக்கு, அர்ஜென்டினாவோட போர் முடிஞ்ச கையோட 1983லயே முழு குடியுரிமை குடுத்தாங்க, இவங்களுக்கு குடுக்கல. இவங்க விடல, சர்ச்சுல கமிஷன் வெச்சு, மனு மேல மனு போட்டு, கடைசில 2002லதான் திரும்ப கெடச்சுது. சாசனத்த பத்தி சொல்லும்போது அந்தம்மா குரல் உடைஞ்சுது, மன்னர் கையெழுத்துப் போட்ட பேப்பர்னு ரெண்டு தடவ சொன்னாங்க.

கெடச்ச உடனே என்ன ஆச்சு? புள்ளைங்க கெளம்பிட்டாங்க. 1998ல 5,157 பேர், 2008ல 4,257. படிச்சவங்க, உடம்புல தெம்பு உள்ளவங்க எல்லாம் பிரிட்டன், ஃபாக்லண்ட், அசென்ஷன்னு வேலைக்குப் போயிட்டாங்க. இவங்க வீட்டுலயும் ரெண்டு புள்ளைங்க, மூத்தவர் ஃபாக்லண்ட்ல, பொண்ணு இங்கிலாந்துல. பேரப்புள்ளைய போட்டோல பாத்துத்தான் வளத்தேன்னு சொன்னாங்க.

ஏன்னா வர்றது அவ்ளோ சுலபம் இல்ல. 2017 வரைக்கும் கப்பல்தான், ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா, கேப்டவுன்லேருந்து அஞ்சு நாள். ஒரு ஆளுக்கு உடம்பு மோசமாச்சுன்னா கப்பல் வர்ற வரைக்கும் காத்திருந்து, ஏறி, அப்பறம் அஞ்சு நாள். 28 கோடியே 50 லட்சம் பவுண்டு செலவு பண்ணி, ஒரு பள்ளத்தாக்கையே மண்ணு போட்டு நிரப்பி ஏர்போர்ட் கட்டினாங்க, 2016ல சோதனை ஓட்டத்துல பாத்தா ரன்வே முனைல காத்து தாறுமாறா திரும்புது, பெரிய விமானம் இறங்க முடியாதுன்னு ஆயிடுச்சு. உலகத்துலயே உதவாத ஏர்போர்ட்னு வெளிநாட்டுப் பத்திரிகைங்க எழுதிச்சுங்க. எனக்கு அந்தப் பேர் சுத்தமா புடிக்கல. 2017 அக்டோபர்லேருந்து சின்ன விமானம் ஜோகன்னஸ்பர்க்லேருந்து வருது, நான் அதுலதான் வந்தேன், நடுவுல நமீபியால இறங்கி எரிபொருள் போட்டுட்டு வந்துச்சு, இறங்கறப்ப நல்லா ஆட்டுச்சு, பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வயசானவர், கேப்டவுன்ல ஆபரேஷன் முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பறார், சக்கரம் தரையத் தொட்ட உடனே கைய கூப்பி கண்ண மூடிட்டார். அவருக்கு இது உதவாத ஏர்போர்ட்டா?

செல்போனே 2015லதான் இங்க வந்துச்சு. கடலுக்கடில வர்ற இன்டர்நெட் கேபிள் 2023ல தான் ஓட ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி தீவுக்கே சேட்டிலைட்தான். அதனாலதான் நான் இத இங்கேருந்தே அப்லோட் பண்ண முடியுது, அந்தம்மா ராத்திரி பேரனோட வீடியோ கால்ல பேசவும் முடியுது.

ரோட்டுல எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் இங்க கை தூக்கிக் காட்டுவாங்க, தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு கிடையாது, ரெண்டாவது நாள்லேருந்து எனக்கும் கை தானா தூக்குது.

சரி, வெளிச்சம் போகுது, படி ஈரமாயிடும், நான் இறங்கணும். நாளைக்கு சனிக்கிழமை, ப்ளைட் வர்ற நாள். அந்தம்மாவோட பொண்ணு அதுல வர்றாங்க, நாலு வருஷம் கழிச்சு, கைக்குழந்தையோட. காலைலேருந்தே மீன் வாங்கி சுத்தம் பண்ணி, மிளகா இடிச்சு, மீன் கேக் போட எல்லாம் ரெடி பண்ணி வெச்சிருக்காங்க, ஆனா மலைல மூட்டம் எப்படி இருக்குன்னு அர மணிக்கு ஒரு தடவ வாசல்ல வந்து பாத்துட்டே இருக்காங்க, மூட்டம் எறங்கிச்சுன்னா விமானம் திரும்பிடும். நானும் ஏர்போர்ட்டுக்கு கூடப் போறேன். கேமரா எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன், கொழந்தைய மட்டும் எடுக்காதன்னு சொல்லியிருக்காங்க, எடுக்க மாட்டேன்.